பொலிகாளைக்கு அனுமதி கோரி அய்யனார் சார்பில் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: அய்யனார், கோயில் காளையின் உரிமையாளர். சார்பில் ஊர்ப் பொதுமக்கள், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்: தமிழ்நாடு மாட்டின இனப்பெருக்க ஆணையத்தார் அவர்கள், சென்னை.

பொருள்: பொலிகாளை – பசுவோடு சேர அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 2019ஆம் ஆண்டின் மாட்டின இனப்பெருக்கச் சட்டம். 2. காளையின் பார்வை, நேற்று மாலை, மேலத்தெருப் பக்கமாக.

ஐயா / அம்மா,

இனவிருத்திக்கு நிற்கும் காளைகள் உங்களிடம் பதிவு பெற்று, தகுதிச் சான்றோடுதான் தொழில் செய்ய வேண்டும் என்று 2019 ஜூலையில் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியதாக அறிந்தோம். அன்றைக்கு எங்கள் காளை கண்மாய்க்குள் மேய்ந்துகொண்டிருந்தது. தகவல் அதற்குப் போய்ச் சேரவில்லை. அன்று முதல் இன்று வரை அது அனுமதியில்லாமல்தான் ஊழியம் பார்த்து வருகிறது. மறைவிடத்தில் செய்தது கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், மந்தைவெளியில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பார்க்க நடந்தவை. ஆகவே நடந்ததை வரன்முறைப்படுத்தி, நடக்கப்போவதற்கு உரிமம் வழங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று அரசுப் படிவங்களை நிரப்பியே கை தேய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உத்தேசமாக ஒரு படிவத்தைக் கற்பனை செய்தார்கள். அதை நிரப்பியிருக்கிறோம்.

முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. ‘உரிமையாளர் பெயர்.’ இது கோயில் காளை. ஒரு வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய், பிழைத்தால் கன்று விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு அய்யனாருக்கு விட்டது. விட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்கு அதில் பாத்தியதை கிடையாது. யார் கொல்லையிலும் மேயும், யாரும் விரட்ட மாட்டார்கள், எவர் வீட்டுப் பசுவையும் சேரும், எவரும் கூலி கொடுக்க மாட்டார்கள். ஆகவே உரிமையாளர் அய்யனார் என்றே எழுதினோம். ஊரில் வக்கீலுக்குப் படித்த பையன் ஒருவன் குறுக்கே வந்தான். இந்தியச் சட்டப்படி கோயில் சாமி ஓர் ஆள், சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், ஆனால் எத்தனை யுகமானாலும் மைனர்தான், காப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றான். நல்லது. சட்டப்படி மைனர் அய்யனார், நடத்தைப்படி மைனர் காளை. இந்த இரண்டு மைனர்களுக்கும் காப்பாளராக யார் கையெழுத்துப் போடுவது என்று ஊர்க் கூட்டத்தில் பேசிப் பார்த்தோம். பூசாரி மாட்டேன் என்றார். நாட்டாமை, கோயில் விஷயமென்றால் அறநிலையத் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்றார். ஒரு பசு பருவத்துக்கு வந்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் கோப்பு அந்தத் துறையைச் சுற்றி வந்துவிடுமா என்று தெரிவித்தால் நலம்.

‘வயது’ என்ற இடத்தில் ‘கடை முளைத்தது’ என்று எழுதியிருக்கிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்க உங்கள் அலுவலருக்கு முழு உரிமை உண்டு. காளைக்கும் சில உரிமைகள் உண்டு.

‘இனம்’ புலிக்குளம். கர்னாலில் இருக்கும் தேசிய அமைப்பின் இனப் பட்டியலில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் ஆகியவற்றோடு இதுவும் இருக்கிறது, பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ‘தாயின் பால் அளவு’ என்ற கட்டத்தில் தகராறு. காளையின் தகுதியை அதன் தாயின் கறவையை வைத்துக் கணிப்பது உங்கள் துறையின் வழக்கம் என்று கேள்வி. புலிக்குளத்து மாட்டைப் பாலுக்காக யாரும் வளர்த்ததில்லை. கன்று குடித்தது போக ஒரு செம்பு மிஞ்சினால் அன்றைக்குக் காப்பி. நூற்றுக்கணக்கில் பத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய், அறுத்த வயலில் கிடை மறித்து, சாணமும் கோமியமும் நிலத்தில் விழவைத்து, அதற்குக் கூலி வாங்கும் கிடை மாடுகள் இவை. நடை, உழைப்பு, வெயில் தாங்குவது, ஆளைத் தொடவிடாத திமிர் ஆகியவைதான் இந்த இனத்தின் லட்சணம். இவற்றை லிட்டரில் எழுத இடமிருந்தால் சொல்லுங்கள், நிரப்புகிறோம்.

‘தந்தை பெயர்.’ அடையாளம் காட்டத் தயார். சான்று கேட்டால் இல்லை. எங்களில் பலருக்குப் பிறப்புச் சான்றே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான்.

இனி, எங்கள் ஊரில் இதுவரை ஒழுங்குமுறையே இல்லாமல் காளைகள் கண்டபடி திரிந்தன என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதியிருந்தால், அதைத் திருத்த வேண்டும். காளைக்கன்று பிறந்ததும் சுழி பார்ப்பார்கள். சுழி சாஸ்திரத்தை உங்கள் விஞ்ஞானிகள் ஏற்க மாட்டார்கள், எங்களிலும் பாதிப் பேர் ஏற்பதில்லை, அதை விடுங்கள். அதற்கப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் அந்தக் கன்றை ஊரே பார்க்கும். குளம்பு விரிந்திருக்கிறதா, திமில் எழும்புகிறதா, தாய் எத்தனை ஈத்து ஈன்றது, கன்று தங்கியதா, கோடையில் காய்ந்த தட்டையைத் தின்று உடம்பு நின்றதா, பிள்ளைகளைக் கண்டால் முட்டுகிறதா, எல்லாம் கணக்கில் வரும். தேறாததை உழவுக்கும் வண்டிக்கும் காயடித்து விடுவார்கள், அல்லது சந்தைக்குப் போகும். கிடைக்காரர்கள் சொந்தக் கிடையில் பிறந்த காளையே அக்கா தங்கை மேல் விழாமலிருக்க, தங்களுக்குள் காளையை மாற்றிக்கொள்வார்கள். தேர்வு, கழிவு, இடமாற்றம் எல்லாம் இருந்தன. கோப்பும் கட்டணமும்தான் இல்லை. கேட்க ஆளில்லாத காளை எந்த ஊரிலும் இல்லை, ஊர்தான் கேட்கும் ஆள். முட்டிய காளையின் பஞ்சாயத்தில் நடுநிசி வரை உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

காளைக்கு உரிமம் என்பது உங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 1940இலேயே மெட்ராஸ் மாகாணத்தில் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் போட்டார்கள். உரிமமில்லாத காளையைக் காயடிக்க அதில் வழி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் எங்கள் தாத்தாக்களின் காளைகள் அதைத் தாண்டி வந்துவிட்டன. மாகாணம் பெரியது, கத்தி சிறியது.

அதற்குப் பிறகு வந்தது ஜெர்சி. 1960களிலிருந்து அரசே ஊர் ஊராக வந்து, நாட்டு மாடு நஷ்டம், கலப்பினம்தான் லாபம் என்று பால் கணக்குக் காட்டிக் கருவூட்டல் ஊசி போட்டது. கணக்குப் பொய்யில்லை, பால் பெருகியது, பல வீடுகளில் பிள்ளைகள் அந்தப் பாலில்தான் படித்தார்கள். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த மாடுகள் ஏறக்குறைய 95 லட்சம், அவற்றில் பெரும்பகுதி கலப்பினம். ஆக, நாட்டுக் காளைக்கு இருந்த வேலையைப் பறித்தது ஒரு துறை. அதே துறையின் இன்னொரு மேசை, மிச்சமிருக்கும் காளையைக் கூப்பிட்டு வம்சாவளிப் பத்திரம் கேட்கிறது.

இடையில் 2017 ஜனவரி. மெரினாவில் பிள்ளைகள் திரண்டார்கள். ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டு மாநில அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. பண்பாட்டையும் நாட்டு மாட்டினங்களையும் காக்கவே இந்தத் திருத்தம் என்று அதன் முகப்பிலேயே இருக்கிறது. அன்று எங்கள் காளை பண்பாடு. இரண்டரை வருஷத்தில் அதே சட்டமன்றத்தில் பதிவு பெறாத கால்நடை. 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது. ஜல்லிக்கட்டில் நாட்டு மாடுகளை மட்டுமே விட வேண்டும் என்ற தீர்ப்போடு, செயற்கைக் கருவூட்டலைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும், அது காளைக்கும் பசுவுக்கும் இருக்கும் இணைசேரும் உரிமையைப் பறிக்கும் கொடுமை என்றும் சொன்னது. இதைக் காளைக்கு வாசித்துக் காட்டினோம். அது காதை ஆட்டியது. நீதிமன்றம் உரிமை என்கிறது, நீங்கள் உரிமம் என்கிறீர்கள். எதை முதலில் வாங்குவது என்று காளை கேட்டால் நாங்கள் என்ன சொல்ல?

இதற்கிடையில் உதகையில் பாலினம் பிரித்த உறைவிந்து தயாராகிறது. அதைப் போட்டால் பத்தில் ஒன்பது கிடாரிக் கன்றாகவே பிறக்குமாம். பால் மாட்டுக்காரருக்கு அது லாபம், மறுக்கவில்லை. ஆனால் வாடிவாசலில் கொடியசைத்துவிட்டுக் காளையே பிறக்காமலிருக்கப் பணம் ஒதுக்கும் அரசாங்கத்தை நாங்கள் புரிந்துகொள்ளச் சற்று அவகாசம் வேண்டும்.

ஊசிக்காரரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் நல்ல மனிதர். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் கால் மில்லி விந்துக் குச்சியை வைத்து, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் வருகிறார். சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சமயத்தில் நைட்ரஜன் தீர்ந்திருக்கிறது. பசு ராத்திரி முழுக்கக் கத்தி, வழும்பு அடித்து, காலையில் அவர் வந்து சேரும்போது அடங்கியிருக்கும். ‘இன்னும் 21 நாள் பொறுங்க’ என்பார். எங்கள் காளைக்கு போன் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். வாசனையிலேயே நேரம் தெரியும். எங்கள் வீடுகளில் ஊசிக்குத் தங்காமல் மூன்று முறை பின்வாங்கிய பசுக்கள் கடைசியில் இந்தக் காளையிடம்தான் வந்து நிற்கின்றன. இதைத் தனியார் போட்டி என்று கருதிவிட வேண்டாம், எங்களுடையது முழுக்க இலவசச் சேவை.

பர்கூர் மலைக்காரர்கள் எப்படி விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. அங்கே காட்டுக்குள் பட்டி போட்டு மாட்டை வைத்திருப்பார்கள், காளை எங்கே எந்தப் பசுவோடு சேர்ந்தது என்பது யானைக்குத்தான் தெரியும். அந்தக் காட்டுக்குள் மேய்ச்சலே கூடுமா என்று வனத்துறையோடு அவர்களுக்கு வேறு வழக்கு. ஒரு துறை காளைக்குச் சான்று கொடுத்து, இன்னொரு துறை காளை நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டால், சான்றைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் சட்டத்தில் எங்களுக்கு உடன்பாடான பகுதியும் இருக்கிறது. எந்தக் காளையின் விந்து என்று தெரியாமல் குச்சி விற்கும் வியாபாரியைப் பிடியுங்கள், நாங்களும் கயிறு கொண்டு வருகிறோம். கருச்சிதைவு நோய் காளை வழியாகப் பரவும் என்பது எங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்துப் பசுக்கள் ஏழாம் எட்டாம் மாதத்தில் கன்றைப் போட்டால் ஒரு வீட்டின் கதி என்ன என்பதை உங்கள் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை கால்நடை மருத்துவரை அனுப்புங்கள். ரத்தம் எடுங்கள். காளையைக் கட்டிப்போடுவது எங்கள் பொறுப்பு, மருத்துவருக்கு மோர் எங்கள் செலவு. காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் தோடும் போட்டுக்கொள்ளட்டும், எங்கள் ஆதாருக்கும் அதே பன்னிரண்டுதான், உறவு விட்டுப்போகாது. ஆனால் குளிரூட்டிய நிலையத்தில் பல்லாயிரம் குச்சி நிரப்பி மாநிலம் முழுக்க விற்கும் காளைக்கும், நாற்பது பசுவுக்கு நடந்தே போய் வரும் அய்யனார் காளைக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், அது பூச்சி மருந்துக் கம்பெனிக்குப் போட்ட விதியை வேப்பமரத்துக்கும் போட்டது போல.

சான்று கொடுக்கிறவருக்குச் சான்று யார் கொடுப்பது என்று கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார். சைதாப்பேட்டையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைக் காப்பதற்கென்று அரசே நடத்திய இனப்பெருக்கப் பிரிவை, அங்கே நாய்கள் இருந்த நிலையைக் கண்டு உயர் நீதிமன்றமே மூடச் சொன்ன கதை அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவர் கேள்வியை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை. அவராகவே உங்களுக்குத் தபால் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். சான்று மறுக்கப்பட்டால் அடுத்து என்ன என்பது 1940ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். இது வாடிவாசலில் முதலில் அவிழ்க்கிற காளை, யாரும் தொடாத காளை, செத்தால் மேளம் கட்டி ஊர்வலம் போய் அடக்கம் செய்கிற காளை. இதைக் காயடிக்க எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது, பக்கத்து ஊரிலும் விசாரித்துவிட்டோம். அந்தப் பணிக்குத் துறையிலிருந்து ஒருவரை அனுப்புவதாக இருந்தால், அவருடைய குலதெய்வம் எது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அய்யனாராக இருந்துவிட்டால் அவருக்குத்தான் சங்கடம்.

விண்ணப்பக் கட்டணம் எவ்வளவானாலும் கோயில் உண்டியல் திறக்கும் வரை பொறுத்தருளக் கோருகிறோம். உங்கள் ஆணை வரும் வரை காளை தற்காலிக அனுமதியின் பேரில் பணியைத் தொடரும். அந்த அனுமதியைக் கொடுத்த அதிகாரி யார் என்று விளக்கம் கேட்பீர்களானால், பசுக்கள்.

இப்படிக்கு,
அய்யனாருக்காக, காப்பாளர் கையெழுத்து நிலுவையில்,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: காளையின் நிழற்படம் ஒன்று (பாஸ்போர்ட் அளவுக்குள் கொம்பு அடங்கவில்லை). சாட்சிக் கன்றுகள், நேரில் வந்தால் காட்டப்படும்.