ஜவ்வாது மலை இருட்கோமான் யாரெனத் தெளிதல்

பேய்நாட்டுக்கும் இலக்கணம் உண்டு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கென டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் 1983-இல் 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகச நூலை இயற்றினர். பரோவியா என்னும் நாடு, குன்றின்மேல் கோட்டை, அதற்குள் ஸ்ட்ராட் என்னும் இரத்தக்காட்டேரிப் பிரபு. வழிநூலார் இதை விரித்து விதி செய்தார்கள்: நாட்டுக்கு ஓர் இருட்கோமான், அவனும் அந்நாட்டில் கைதியே, எல்லைக் காவல் மூடுபனியுடையது, வந்தவர் திரும்ப வழியில்லை. 2021-இல் வந்த நூலில் இந்தியச் சாயலில் காலகேரி என்றொரு நாடுகூட உண்டு. செத்தும் சிம்மாசனத்தை விடாத மகாராணி அதை ஆள்கிறாள். காலகேரிக்குக் கிடைத்த இடம் ஜவ்வாது மலைக்கும் கிடைத்தால் அதன் இருட்கோமான் யார் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

'பக்கத்து ஏலகிரி ஆகாதோ?' எனின், ஆகாது. வார இறுதியில் அங்கே பேய்க்கே அறை கிடைக்காது.

முதலில் பரிசீலிக்கத்தக்கவன் நன்னன். மலையடிவாரத்துச் செங்கத்தில் இருந்து ஆண்டவன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவன். 583 அடி கொண்ட அந்நூலைப் பெருங்கௌசிகனார் பாடியது பரிசில் வேண்டிச் செல்லும் கூத்தருக்கு வழிசொல்ல. ஆயினும் ஆட்டம் நடத்துவோர் கண்ணுக்கு அது சாகசக் கையேடாகவே தெரியும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு ஒடுங்கிய குழி எங்கே, புனங்காப்போர் வீசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, வழுக்கும் கரையில் எதைப் பிடித்து இறங்குவது, இரவானால் எந்தக் குகையில் தங்குவது என ஒவ்வோர் ஆபத்துக்கும் பரிகாரம் கூறுகிறார். வழி பிரியும் இடத்தில் பின்னால் வருவோருக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து போடச் சொல்கிறார். இத்தனை கரிசனம் ஹிக்மன் தம்பதியரிடம் இல்லை.

வழியெங்கும் விதிக்கு இயைந்த நன்னன் வாயிலில் வழுவுகிறான். இத்தனை பொறிகளைக் கடந்து கோட்டைக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவன் சோறு போடுகிறான். எத்தனை நாள் தங்கினாலும் முதல்நாள் முகமே காட்டுகிறான். ஊருக்குப் போகிறோம் என்றால் பொன்னும் தேரும் களிறும் கொடுத்து வழியனுப்புகிறான். வந்தவனைச் சிறைவைப்பதே இருட்கோமானுக்கு முதல் தகுதி. ஆகலின் நன்னன் விலக்கப்பட்டான்.

இனி இரண்டாமவர். ஆலங்காயத்துக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காவலூர்க் காட்டுக்குள் ஒரு வெள்ளைக் குவிமாடம் நிற்கிறது. பகலெல்லாம் மூடிக்கிடக்கும்; பொழுது சாய்ந்ததும் கூரை பிளந்து விழிக்கும்; விடிவதற்குள் அடங்கிவிடும். உணவு ஒளி, அதுவும் பல்லாண்டு பழமையானது. இவ்விடத்தைத் தேர்ந்த வானியலாளர் வைணு பாப்பு 1982-இல் காலமானார். அவர் கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் ராஜீவ் காந்தியால் தொடங்கிவைக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. படைத்தவர் பெயர் படைப்புக்கு ஒட்டிக்கொள்வது மேரி ஷெல்லி காலந்தொட்டு வரும் மரபு. ஃபிராங்கன்ஸ்டைன் என்றால் டாக்டரை யார் நினைக்கிறார்கள்?

'காட்டேரிக்குக் கண்ணாடியில் உரு விழாது. இதுவோ முழுக்கக் கண்ணாடியாயிற்றே?' என்பர் மறுப்போர். அற்றன்று. அலுமினியம் பூசிய அந்த ஆடி வானத்தைப் பார்ப்பதன்றித் தன்னைப் பார்ப்பதில்லை.

வலுவான மறுப்பு மூடுபனி பற்றியது. ஸ்ட்ராடுக்குப் பனி சேவகன். காவலூரில் பனி இறங்கி ஈரம் கூடினால் ஆடிக்குக் கேடு என்று குவிமாடத்தைச் சாத்திவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் இருட்கோமான் பட்டினி. 'கோமான் தன் நாட்டிலேயே கைதி' என்னும் விதிக்கு இதனினும் தூய சான்று பரோவியாவில் கிடையாது.

குலமும் பெரியது. 1972-இல் வந்த ஒரு மீட்டர் மூத்தவர், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் வேளையில் விழித்திருந்து, அக்கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வுக்குச் சாட்சியானார். 1988-இல் 45 சென்டிமீட்டர் இளையவரிடம் ஒரு குறுங்கோள் சிக்கியது. அதைக் கடிக்கவில்லை, இராமானுஜன் எனப் பெயர்சூட்டி விட்டுவிட்டார்கள். இது இருட்கோமான் இலக்கணத்துக்குப் புறனடை.

குடிகள் அஞ்சவேண்டும் என்பது ஈற்று விதி. மலையாளி மக்கள் சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். அஞ்சுவது கோமான்தான், அதுவும் தெருவிளக்குக்கு. அடிவார ஊர்கள் இரவில் பளிச்சிடப் பளிச்சிட வானம் வெளுக்கும், இரை மங்கும்.

இங்குதான் ஆட்டத்துக்கே சிக்கல். அனுபவமில்லாத முதல்நிலை வீரன்கூட மூட்டையில் தீவட்டி இல்லாமல் கிளம்பமாட்டான். இருபது முகப் பகடையை உருட்டவே வேண்டாம். பந்தத்தைக் கொளுத்தினால் கோமான் வீழ்ந்தான். ஆகவே இம்மலையை ஆட்டத்தில் சேர்ப்போர், ஆலங்காயத்தில் ஒரு சோதனைச் சாவடி வைத்து, தீவட்டி, டார்ச், செல்போன் மூன்றையும் வாங்கிக்கொண்டு ரசீது தரும் விதியை முதல் பக்கத்திலேயே அச்சிடுவது நலம்.