முதலில் காற்றை இறக்கு, மருமகனே

தார் ஜீப் வாங்கியவனுக்கு முதல் இரண்டு மாதம் அதை ஓட்ட நேரம் கிடைக்காது. அதில் எதையாவது மாட்டுவதற்கே பொழுது சரியாகிவிடும். என் அக்கா மகனும் இதற்கு விலக்கல்ல. அபுதாபியில் ஏ.சி. அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், ஊருக்கு வந்த கையோடு ஒரு பழைய தார் வாங்கினான். ரொம்பப் பழையதல்ல, 2020இல் புது உருவத்தில் வந்ததே, அந்த மாடல். டீசல், நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். மண்டைக்காட்டு அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு நேராக மணவாளக்குறிச்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பட்டியல்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஓமனில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு லேண்ட் குரூசர் ஓட்டியவன் நான். மணலில் வண்டி ஓட்டிக் காசு சம்பாதித்தவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தன்தான். இவன் அதே மணலில் காசைக் கொட்டக் கிளம்பியிருந்தான்.

“எதை முதல்ல மாட்டணும்னு நீங்க சொல்லுங்க மாமா” என்று பட்டியலை நீட்டினான். ஸ்நார்க்கல். வின்ச். முன்பக்கத்துக்கு இரும்பு பம்பர். கூரைக்கு எல்.இ.டி. விளக்குப் பட்டை. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்த லிஃப்ட் கிட். மட் டெரெய்ன் டயர். பக்கவாட்டில் ஜெர்ரி கேன். பின்கதவில் ஒரு கோடாலி.

“கோடாலி எதுக்குலே?”

“வழியில மரம் விழுந்து கெடந்தா வெட்டணும்லா, மாமா.”

மணவாளக்குறிச்சிக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவே ஒரு மரம் விழுந்தால், இவன் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் விறகுக்குப் பங்கு பிரித்து முடித்திருப்பார்கள். ஸ்நார்க்கல் கதையும் இப்படித்தான். அது தண்ணீருக்குள் இறங்கும் வண்டி கூரை உயரத்தில் மூச்சு வாங்குவதற்கான குழாய். எங்கள் பக்கத்தில் இருக்கும் ஆறு வள்ளியாறு. அது கடியபட்டணத்தில் கடலில் சேருகிறது. அதைக் கடக்கப் பாலம் இருக்கிறது. பாலத்தில் மூச்சு வாங்குவதில் சிரமம் ஒன்றும் இல்லை.

இரும்பு பம்பரைப் பற்றிச் சொன்னபோதுதான் அவன் முகம் நிஜமாகவே வாடியது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அந்த மாதிரி கூடுதல் பம்பர்களுக்குத் தடை சொல்லிவிட்டது. முன்னால் வருகிற ஆளுக்கும் ஆபத்து, ஏர்பேக் வேலை செய்வதற்கும் இடைஞ்சல். கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டிச் சொல்லிவிட்டது. “எல்லாரும் மாட்டியிருக்கானே மாமா” என்றான். எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள் என்பது ஆர்.டி.ஓ. ஆபீசில் செல்லுபடியாகிற பத்திரம் இல்லை.

சரி, முதலில் என்னதான் செய்ய வேண்டும்? சொன்னேன்: “டயர்ல காத்த எறக்கு.”

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அதோடு சேர்த்து வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. காசு செலவில்லாத யோசனைக்கு எங்கள் ஊரில் மதிப்பு கிடையாது.

விஷயம் இதுதான். ஒன்றே முக்கால் டன் வண்டியின் பாரம் முழுவதும் நாலு டயர் தரையைத் தொடுகிற நாலு சின்ன இடத்தில் நிற்கிறது. சாலைக்கு 30 பி.எஸ்.ஐ. சொச்சம் காற்று வைத்திருப்போம். அந்த இறுக்கத்தோடு மணலில் இறங்கினால் டயர் மணலை அறுத்துக்கொண்டு கீழே போகும். 18க்கு இறக்கினால் டயர் தளர்ந்து, சப்பணமிட்டு உட்கார்ந்த ஆளைப் போல நன்றாகப் படியும். அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடும்; பாரம் பரவும்; வண்டி மணலுக்கு மேலே மிதந்து போகும். மாட்டிக்கொண்டால் 15 வரைக்கும் இறக்கலாம். அதற்கும் கீழே போய்விட்டு ஸ்டீயரிங்கை வெட்டி ஒடித்தால், டயர் ரிம்மை விட்டுக் கழன்று தனியாக உட்கார்ந்துகொள்ளும் அபாயம் உண்டு.

மட் டெரெய்ன் டயரோ இதற்கு நேர் எதிரி. பெரிய பெரிய கட்டைகளாகப் பல் வைத்த அந்த டயர் சேற்றை வாரித் தள்ளுவதற்குச் செய்தது. மணலிலும் அது வாரித் தள்ளும். தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. ரால்ஃப் பேக்னால்ட் என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் இருந்தார். 1929இல் லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு மாடல் ஏ கார்களை விட்டார். 40 குதிரைத்திறன். இழுப்பது பின்சக்கரம் இரண்டு மட்டும். அவர் செய்ததும் டயரில் காற்றைக் குறைத்ததுதான். அப்படியும் புதைந்தால் சக்கரத்தடியில் இரும்புத் தகடு கொடுத்தார். அந்தத் தகடும் கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. முதல் உலகப் போரில் பதுங்கு குழிக்குக் கூரை போடுவதற்காகச் செய்தது. இன்றைக்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்களே, அந்தப் பலகைகளுக்கு மூதாதை அதுதான். மணல் எப்படிப் பறக்கிறது, எப்படி மேடாகிறது என்று 1941இல் அவர் எழுதிய புத்தகத்தைச் செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்கிறவர்கள்கூடப் புரட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய் என்றதும் நினைவு வருகிறது. நாசா அனுப்பிய ஸ்பிரிட் ஊர்திக்கு ஆறு சக்கரம், ஆறுக்கும் தனித்தனி மோட்டார். 2009இல் அது அங்கே புழுதி மணலில் புதைந்தது, புதைந்தது புதைந்ததுதான். சக்கரம் உலோகம் என்பதால் இறக்குவதற்குக் காற்றும் இல்லை, தள்ளிவிட அக்கம்பக்கத்தில் ஆளும் இல்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு மருமகன் நாகர்கோவிலுக்குப் போய் மட் டெரெய்ன் டயரும் வின்ச்சும் கூரை விளக்குப் பட்டையும் மாட்டிக்கொண்டு வந்தான். ஸ்நார்க்கலுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. “மாமா, சின்னவிளை கடப்புறத்துல நிக்கேன்.” நிக்கேன் என்றது மரியாதைக்காக. போய்ப் பார்த்தால் வண்டி வயிற்றால் படுத்துக் கிடந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறான். மணலில் சக்கரம் சுற்ற ஆரம்பித்த நொடியில் காலை எடுக்க வேண்டும்; அப்போது ஆகும் குழி ஒரு சாண், அதற்கு மேல் மிதித்தால் அச்சு வரைக்கும் போகும்.

வின்ச் இருந்தது. கம்பியும் நீளமாக இருந்தது. கட்டத்தான் ஒன்றும் இல்லை. கடற்கரையில் வின்ச்சின் நிலைமை பரிதாபமானது. அது தன்னைத்தான் இழுக்கும், ஆனால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இழுக்கும். இருந்தது ஒரே ஒரு தென்னை. அதன் பக்கத்திலேயே அதன் சொந்தக்காரப் பாட்டியும் இருந்தாள். “எனக்க தெங்குல கம்பி கெட்டாத மக்களே, குலை உதிர்ந்து போவும்” என்று மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கட்ட மரம் இல்லாவிட்டால் ஸ்டெப்னியை மணலில் ஆழமாகப் புதைத்து, அதில் கம்பியைக் கட்டி இழுக்கலாம். பாலைவனத்தில் செய்கிற முறைதான், தப்பில்லை. மருமகனும் நண்பர்களும் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். பூசை முடிந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று, “ஆருக்குலே குழி?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஸ்டெப்னியைக் கழற்றிய நட்டுகள் தொலையாமலிருக்க ஒரு காந்தத் தட்டு வாங்கி வைத்திருந்தான். எந்த ஊருக்கும் அது நல்ல சாமான், எங்கள் ஊரைத் தவிர. தட்டு கைதவறிக் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் தட்டுக்குத் தாடி முளைத்திருந்தது. கன்னங்கரேலென்று விரல் நீளத்துக்கு முள்முள்ளாக நிமிர்ந்து நின்றது கருமணல். நட்டுகள் அந்தத் தாடிக்குள் எங்கோ இருந்தன. தட்டத் தட்ட மணல் உதிராமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்ததே ஒழிய விடவில்லை. சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இதே மணலில் இழுத்து விளையாடிய யாருக்கும் இது தெரிந்திருக்கும். இவன் அபுதாபி மணலைப் பார்த்தே வளர்ந்துவிட்டான்.

எங்கள் மணல் சாமானிய மணல் இல்லை. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்தது. சாதாரண மணலைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் தேடித்தான் இங்கே ஆலை வந்தது. பிற்பாடு 1950இல் தொடங்கிய இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்கு அது போனது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதை வாங்கியது அணுவுக்காக அல்ல, விளக்கு மேண்டிலுக்காக. 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் நசுக்கி உதிர்க்கிறாரே, அந்த வகை மேண்டில்தான். கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனி வரைக்கும் போன மணல், ஒரு காந்தத் தட்டை விட்டுவிடுமா?

நான் நட்டுகளைத் தேடவில்லை. சாவியை எடுத்து வால்வு மூடியைத் திருகி, பின்னை அழுத்தினேன். உஸ்ஸென்று காற்று போனது. நாலு டயரும் நன்றாகத் தொய்ந்த பிறகு சக்கரங்களுக்குப் பின்னால் மணலைச் சரிவாக வாரிவிட்டு, பாட்டியிடம் கேட்டு நாலு தென்னமட்டை வாங்கிக் கொடுத்தேன். மட்டை தருவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கச் சொன்னேன். அந்த மணல் ஏற்கெனவே அழுந்தி இறுகியிருக்கும்.

கரமடி வலை இழுக்க நின்றவர்களும் வந்து கைகொடுத்தார்கள். வடத்தை இழுத்துப் பழகிய கை. ஒரே மூச்சில் எல்லோரும் சேர்ந்து தள்ளுவதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி முனகிக்கொண்டு வெளியே வந்தது. அவர்களில் மூத்தவர் சொன்னது இவ்வளவுதான்: “இனி இங்கன நிறுத்தாத, தம்பி. மடி கரையேறுத எடம் இது.”

அடுத்த பிரச்சினையை மருமகன் அப்போதுதான் கண்டுகொண்டான். தொய்ந்த டயரோடு சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடை திறந்திருக்காது. மாட்டுவண்டி வேகத்தில், பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வர, வீடு வந்து சேர்ந்தோம். அதனால்தான் முதல் செலவு ஏர் கம்ப்ரசர் என்று நான் சொல்வது. சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற பொம்மை வேண்டாம்; இரண்டாவது டயருக்குள் அது கொதித்துவிடும். நேராகப் பேட்டரியில் கிளிப் மாட்டுகிற வகை வாங்க வேண்டும். கூடவே நம்பிக்கையான ஒரு காற்று மானி, ஒரு மண்வெட்டி, இரண்டு பலகை, இழுவைப் பட்டை, ஜாக்கி மணலில் இறங்காமலிருக்க அடியில் வைக்க ஒரு கட்டைத் துண்டு. வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடல் மணலில் ஓடிய வண்டியை ஸ்நார்க்கல் காப்பாற்றாது. ஓஸ் பைப்தான் காப்பாற்றும்.

அப்புறம் ஒரு நாள் வண்டியில் காற்று இறக்கச் சொல்லிப் பஞ்சர் கடைக்குப் போய்ப் பழகிப் பார்த்திருக்கிறான். “காத்து எறக்கச் சொல்லிக் காசு குடுக்க ஆளு வந்திருக்கு” என்று கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். அக்காவுக்கு வேறு கவலை. கால்மிதியைத் தட்டினால் விழுகிற கருமணலில் மோனசைட் இருக்கிறதே, அது அணுசக்திச் சட்டத்தில் வருகிற பொருளாயிற்றே, முற்றத்தில் குவிந்தால் யாராவது கேட்டு வருவார்களோ என்று.

இத்தனைக்கும் ஓட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் மணல் எங்கே இருக்கிறது? ஆனி ஆடியில் கடல் ஏறி வந்து பாதிக் கரையைத் தின்றுவிடும். தூண்டில் வளைவுக் கற்கள்தான் மிஞ்சும். மிஞ்சிய மணலில் வள்ளம் நிற்கிறது, வலை காய்கிறது, கரமடி ஏறுகிறது. அது வேலை செய்கிற இடம். அங்கே ஜீப் ஓட்டுவது பிறத்தியான் களத்தில் நெல் காயும்போது சைக்கிள் விடுகிற வேலை. தூத்துக்குடிப் பக்கம் குதிரைமொழித் தேரி செக்கச்செவேலென்று பரந்து கிடக்கிறது, ஆனால் அது காப்புக்காடு. வனத்துறையைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. ஆசை தீர ஓட்ட வேண்டுமென்றால் முறையாக அனுமதித்த இடத்துக்கு, ராஜஸ்தானுக்கோ ஓமனுக்கோ போக வேண்டியதுதான்.

மருமகனிடம் இப்போது பெட்டி பிரிக்காத ஸ்நார்க்கல் ஒன்று, தென்னையை நெருங்கி மட்டும் பார்த்த வின்ச் ஒன்று, மட் டெரெய்ன் டயர் ஒரு செட், கூரை விளக்குப் பட்டை ஒன்று விற்பனைக்கு இருக்கின்றன. விலை பேசிக்கொள்ளலாம். மலைப்பக்கம் சேற்றிலும் ஓடையிலும் ஓட்டுகிறவர்கள் தாராளமாக வந்து பார்க்கலாம். மணலில் ஓட்டப் போகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். உங்களுக்கு இதில் எதுவும் தேவைப்படாது.