சிப்பியை எண்ணிய சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய இராணுவ ஆவணக் காப்பு அதிகாரி அவர்கள் சமுகத்துக்கு,

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தங்கள் தாழ்மையுள்ள மனுதாரன் செய்துகொள்ளும் விக்ஞாபனம் என்னவென்றால்:

இரண்டாம் உலக யுத்தத்தில் என் பாட்டனார் எந்தப் பிரிவில், எந்த எண்ணில், எந்நாள் தொடங்கி எந்நாள் வரை ஊழியம் செய்தார் என்று அறிய விரும்பி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு நான் அனுப்பிய மனுவுக்குத் தாங்கள் மனமிரங்கி விடுத்த பதிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருடைய படை எண்ணையும் பிரிவையும் நான் முதலில் தெரிவிப்பேனாகில், அவருடைய படை எண்ணையும் பிரிவையும் தேடித் தெரிவிப்பதில் தங்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று அதில் கண்டிருந்தது. அடுத்த பத்தியில், இது மூன்றாம் நபர் ஒருவரின் அந்தரங்கத்தைப் பற்றியதாகையால் அவருடைய சம்மதம் அவசியம் என்றும் கண்டிருந்தது. அவர் கல்லறைத் தோட்டத்தில் வட வரிசையில் இருக்கிறார். தங்கள் இலாகாவிலிருந்து எவரேனும் சம்மதம் வாங்க நேரில் எழுந்தருளினால் வழிகாட்டச் சித்தமாயிருக்கிறேன்.

இப்பதில் எனக்கு வருத்தத்தைவிட வியப்பையே அதிகம் தந்தது. ஏனெனில், ஞாபகக் குறைவு என்ற வியாதி சர்க்காருக்கு உண்டென்று எங்கள் கரையில் எவரும் கேள்விப்பட்டதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துப் பாரிலிருந்து திரும்பிய ஒவ்வொரு தோணியின் சிப்பியும் கொட்டிலில் இறக்கப்பட்டு, எண்ணப்பட்டு, மூன்று கூறாக்கப்பட்டு, மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கு ஒரு கூறும், கரையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சர்க்காருக்கு இரண்டு கூறுமாகப் பங்கிடப்பட்டது. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயிற்று. வியாபாரிகளோ இருபது கண் சல்லடை முதல் ஆயிரம் கண் சல்லடை வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரித்தார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்களான எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் இந்தக் கடலைப் பற்றி எழுதிவைத்த அறிக்கைகள் இன்றும் புத்தகசாலைகளில் கிடைக்கின்றன. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த கடல்கட்டியைப் பற்றிய செய்திகூட அக்காலத்து ஏடுகளில் உண்டு. 1961-ஓடு முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று. கணக்கு மட்டும் நிற்கிறது.

மனிதர்களைப் பற்றிய காகிதங்களைப் பேணுவதிலும் சர்க்கார் சளைத்ததல்ல. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை ஸ்தாபித்ததும், காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடியதும், 1908-இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டங்களில் பேசியவற்றைப் போலீசார் குறித்தெடுத்து நியாயஸ்தலத்தில் சாட்சியமாக வைத்ததும், நீதிபதி பின்ஹே துரை பிள்ளையவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததும் வழக்குக் கட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன. நேதாஜியின் படையில் சேர்ந்த சிப்பாய்கள் பிடிபட்டபோது, அவர்களைத் தனித்தனியே விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வர்ணம் தீட்டிப் பிரித்துவைத்தார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்க, அதற்கும் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து சாட்சியம் பதிந்தது. சர்க்காரை எதிர்த்தவர் எவரையும் சர்க்கார் எளிதில் மறப்பதில்லை.

என் பாட்டனார் செய்த அபராதம், எதிர்க்காமல் போனதுதான். கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். தென்னாட்டார் போர்க்குணம் போதாதவர்கள் என்று தீர்மானித்து மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாளங்களை 1920-களில் கலைத்துவிட்டு, யுத்தம் வாசலுக்கு வந்ததும் 1941-இல் அந்த ரெஜிமெண்டையே மறுபடி திரட்டிய சர்க்கார், படகு தெரிந்த ஆட்கள் வேண்டுமென்று கேட்டபோது, போய்ச் சேர்ந்தார். எஞ்ஜினியர் படையின் நீர்வழிப் போக்குவரத்துப் பிரிவில் இருந்ததாகவும், 1945-இல் பர்மாவின் கலேவாவில், பதினாலாவது சேனைக்காகக் காட்டு மரத்தை அறுத்துக் கட்டிய படகுகளைச் சிந்த்வின் நதியில் ஓட்டியதாகவும் வீட்டில் சொல்வார். அலையில்லாத தண்ணீரில் படகோட்டச் சம்பளம் கொடுக்கும் சர்க்காரை ஏமாற்றுவதாக அவருக்கு ஒரு கூச்சம் கடைசிவரை இருந்ததாம். என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியம் பர்மா நட்சத்திரம் என்ற பதக்கம்: ஆறு முனை, கருநீல நாடா, நடுவில் சிவப்பு, இருபுறமும் ஆரஞ்சுக் கோடு. ஆச்சி அதைப் பத்தரிடம் உரைத்துப் பார்க்கக் கொடுத்தாள். பத்தர் மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கரையானும் உப்புக்காற்றும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. அவற்றின் கணக்கிலும் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

ஓய்வூதியம் பெறாதவரின் சேவை ஏடுகள் 25 ஆண்டு கழிந்தால் விதிப்படி அழிக்கப்படும் என்பதை நான் அறியாதவனல்லன். யுத்தத்துக்கென்று எடுக்கப்பட்டு, யுத்தம் முடிந்ததும் கலைத்தனுப்பப்பட்ட ஒருவர், ஓய்வூதியம் பெறுமளவு எப்படிச் சேவை செய்திருக்க முடியும்? முதலில் ஓய்வூதியத்தை மிச்சம் பிடித்து, பிறகு அந்த மிச்சத்தையே காரணமாகக் காட்டி அலமாரியையும் மிச்சம் பிடித்த அந்தச் சிக்கனத்தை எங்கள் ஊர் வியாபாரிகள்கூடக் கைகட்டி நின்று கற்கலாம்.

லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர்க் குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் தொகை மட்டுமே உண்டு. இந்தியச் சிப்பாயின் சொந்த ஏடு வேண்டுமானால் இந்தியாவில் கேள் என்பது அவர்கள் பதில். அங்கே கேட்டால் இங்கே என்கிறார்கள். இங்கே கேட்டால் எண் எங்கே என்கிறீர்கள். பாட்டனார் சிந்த்வின் நதிக்கரையில் மாண்டு உடலும் கிடைக்காமற் போயிருந்தாலாவது, ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில் ஏறக்குறைய 27,000 பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவுத் தூண்களில் ஒரு வரி கிடைத்திருக்கும். உயிரோடு ஊர் திரும்பி, அந்தப் பாக்கியத்தையும் கெடுத்துக்கொண்டார்.

ஆகையால் முழு ஏட்டை நான் கேட்கவில்லை. ஏடுகள் எரிந்தாலும் லாங் ரோல் என்னும் நெடும் பேரேடு எரிக்கப்படாமல் நிரந்தரமாக இருக்கும் என்று கேள்வி. அதில் எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று ஒரு வரி போதும். எண்ணைக் கொண்டு பெயரைத் தேடுவதற்குப் பதிலாக, பெயரையும் ஊரையும் கொண்டு எண்ணைத் தேடும்படி குமாஸ்தா ஒருவருக்கு உத்தரவாக வேண்டும். இம்மனுவுக்கும் அதே 25 ஆண்டு விதி பொருந்துமாயின், அதை எரிப்பதற்கு முன்னாவது ஒருமுறை வாசித்தருளப் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மனுதாரன்,
தூத்துக்குடி.

இணைப்பு: பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர், மறுபடியும்.