காமனுக்கு ‘சேவ்’ கிடையாது

மனசாட்சிக்கு மதிப்பெண் போடும் வழக்கம் கணினி விளையாட்டில் 1985இல் வந்த ‘அல்டிமா 4’லேயே உண்டு. 2004இல் வந்த ‘ஃபேபிள்’ ஒருபடி மேல்: கெட்டது செய்தால் தலையில் கொம்பு முளைக்கும். இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தேயிலைத் தோட்டங்களில் அப்படியொரு ஏற்பாடு இருந்தால், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குள் சிலர் குனிந்துதான் நுழையவேண்டியிருக்கும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழித்து, முழுநாள் சம்பளமான ‘பேரை’ அரைப்பேராக்கும் கணக்கப்பிள்ளை, ஏற்ற பாத்திரத்திலிருந்து இம்மியும் பிசகுவதில்லை.

தொழிலாளர் லயத்தில் போனும் கையுமாக விளையாடிக் கிடக்கும் பொடியனோ பரம தர்மவான். விளையாட்டுக் கிராமத்தில் ஓர் ஆப்பிள் திருடமாட்டான். தப்பித்தவறித் திருடினாலும் முன்பே சேமித்துவைத்த பழைய ‘சேவ்’வைத் திறந்து மறுபடி உத்தமனாகிவிடுவான்.

மாசியில் காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் தப்பு முழங்கும்போது இந்தச் சலுகை கிடையாது. சிவன் தவத்தைக் கலைக்கச் சொல்லித் தேவர்கள் நெருக்குகிறார்கள். போகாதீர்கள் என்று ரதி அழுகிறாள். (ரதிக்கு மீசை மழித்த தடம் தெரியும், அது வேறு விஷயம்.) மன்மதன் வருஷாவருஷம் போகிறான், வருஷாவருஷம் சாம்பலாகிறான். விரதமிருந்து வேடம் கட்டியவர், “இந்தத் தடவை பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் என்ன?” என்று இழுத்தால் ஊர் விடுமா?

தஞ்சாவூர்ப் பக்கத்தில், காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து லாவணியில் வழக்காடினார்கள். தோட்டத்திலோ விடியவிடியக் கூத்து ஆடினாலும் காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. எரிந்தவரும் எரித்தவரும் ஒரே வரிசையில் நின்று பேர் கொடுக்கவேண்டும். பிந்தி வந்தால், நெற்றிக்கண்ணைத் திறந்து காட்டினாலும் அரைப்பேர்தான்.