பார்ட் வரணும் சார்

இரண்டாவது மாடி ஸ்கிரீன் சார் கார் வாங்கினார் என்றால் அது பாதி உண்மை. அவர் வாங்கியது ஒரு ஸ்கிரீன். நாலு சக்கரமும் ஒரு எஞ்சினும் அதற்குச் சீர்வரிசையாக வந்தவை.

வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டி வந்ததும் வீட்டம்மா, "பாத்ரூமுக்கு டைல்ஸ் மாத்திடலாங்க" என்றார். இவர் ஷோரூமுக்குப் போனார். அங்கே விற்பனைப் பையன் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேரே உள்ளே உட்காரவைத்து, பன்னிரண்டு அங்குல ஸ்கிரீனைத் தொட்டான். ஏ.சி. ஓடியது. மறுபடி தொட்டான், மேலே கூரை திறந்தது. மூன்றாம் முறை தொட்டபோது கிராஜுவிட்டி திறந்துகொண்டது.

ஆவணியில் டெலிவரி. பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை. சென்னையில் புது வண்டி எடுத்தவர் அந்த முனீஸ்வரரிடம் ஆஜர் கொடுக்காமல் வீடு திரும்புவது அபூர்வம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி சந்தன விரலோடு உள்ளே குனிந்து, இந்த வண்டிக்கு நெற்றி எது என்று தேடி, அகலமாகப் பளபளத்த ஸ்கிரீனில் வைக்கப் போனார். சார் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "சாமி, அது டச்!" சந்தனம் ஸ்டியரிங்குக்குப் போயிற்று. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம் என்பது அவருடைய மாமியாரின் அசைக்க முடியாத கட்சி.

முதல் சில மாதங்கள் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் நிம்மதி இல்லை. பால் வாங்கக் கீழே இறங்கினவரைக்கூடப் பிடித்து உட்காரவைத்து வண்டியை மேலேயிருந்து பார்ப்பதுபோல ஸ்கிரீனில் காட்டுவார். "பாத்தீங்களா, நாலு பக்கமும் கேமரா. அதோ, உங்க செருப்பு தெரியுது." என் கார் பழசு. ஜன்னல் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நான் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் மாவாட்டிட்டுத்தான் இருக்கீங்களா?" என்பார்.

அடுத்த ஆடியில் ஸ்கிரீன் இருண்டது.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. புது மாப்பிள்ளைக்கு வேலை போனதை மாமனார் வீட்டில் மறைப்பதுபோல மறைத்தார். "என்ன சார், கருப்பா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "நான்தான் அணைச்சு வெச்சிருக்கேன். கண்ணுக்கு ரெஸ்ட் வேணாமா?" என்பார். வீட்டம்மா அந்தக் கருங்கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்வார். அந்த வண்டியில் அது உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று பிற்பாடு சொன்னார்.

குட்டு வெளிப்பட்டது ஏ.சி.யால். அந்த வண்டியில் ஏ.சி.க்குத் தனியாகத் திருகு கிடையாது, எல்லாம் ஸ்கிரீனுக்குள். ஸ்கிரீன் கண்ணை மூடியபோது ஏ.சி. 18 டிகிரியில் இருந்திருக்கிறது. அப்படியே நின்றுவிட்டது. ஒரு அக்னி நட்சத்திரத்தில் அவரோடு தாம்பரம் போனேன். வெளியே தார் உருகுகிறது, பின்சீட்டில் அவர் மாமியார் குரங்குக் குல்லாவும் சால்வையுமாக உட்கார்ந்திருக்கிறார். சிக்னலில் தர்பூசணி விற்ற அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு ஜுரமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, டிஸ்ப்ளே போயிடுச்சு" என்றார் பாட்டி. ஸ்கிரீன் வண்டியின் துயரத்தை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வேகம் காட்டும் சின்ன ஸ்கிரீனும் பெரியதும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று படுத்தால் மற்றதும் படுத்தது. ஆனால் வாய் மட்டும் போகவில்லை. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்கள் எல்லாம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் பீப் போட வேண்டும், 120-ஐத் தாண்டினால் விடாமல் போட வேண்டும் என்று விதி. அந்த பீப்தான் இப்போது அவருக்கு ஸ்பீடோமீட்டர். "சத்தம் வரலேன்னா எண்பதுக்குள்ள போறோம்னு அர்த்தம்" என்றார், வேளச்சேரி நெரிசலில் ஒரு பசுமாட்டுக்குப் பின்னால் ஊர்ந்தபடி.

ரிவர்ஸ் எடுப்பதற்கு எங்கள் வாட்ச்மேன் தாத்தா கிடைத்தார். பழைய லாரி கிளீனர். "வரலாம்... வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்க... வரலாம்..." என்று பின்னாலேயே நடந்து வருவார். போதும் என்றால் டிக்கியில் பட் பட்டென்று இரண்டு தட்டு. ஒரு தரம்கூடத் தப்பினதில்லை. மாதம் முந்நூறு ரூபாய், டீ தனி.

கடைசியில் சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கேதான் அந்த வண்டியின் குணம் முழுசாகத் தெரிந்தது. சென்டர் கேட்டைத் தாண்டியதும் ஸ்கிரீன் பளிச்சென்று விழித்துக்கொள்ளும். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் பிள்ளை மாதிரி அத்தனை அடக்கம். ஜாப் கார்டில் 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதித் தருவார்கள். வெளியே வந்து முதல் சிக்னலில் மறுபடி கண்ணை மூடும். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சர்வீஸ் அட்வைசர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "பேட்டரி ஒயரைக் கழட்டி, பத்து நிமிஷம் விட்டு மாட்டினோம் சார். இனிமே வராது" என்றான். நோயாளியின் மூச்சை நிறுத்தி, மறுபடி விட்டுப் பார்ப்பது இந்த ஒரு வைத்தியத்தில்தான் உண்டு.

நாள்பட்ட சர்க்கரை வியாதிக்காரர் பாதி டாக்டர் ஆவதுபோல, சார் மெல்ல மெல்ல நிபுணரானார். சாயங்காலம் மாடிப்படியருகே பாடம் நடக்கும்.

"பழைய அம்பாசடர்ல ஸ்பீடோமீட்டர் ஒயர் அறுந்தா முள்ளு மட்டும் படுத்துக்கும், வண்டி பாட்டுக்குப் போகும். ஹார்ன் போனா ஹார்னோட சரி. ஒண்ணுக்கு வந்த கேடு இன்னொண்ணுக்குத் தொத்தாது. இப்ப ஏ.சி., கேமரா, பாட்டு, மேப்பு எல்லாத்துக்கும் ஒரே வாசல். வாசல்ல பூட்டு விழுந்தா வீடே போச்சு."

"மின்சாரக் கார் வாங்கியிருந்தா இது வராதோ சார்?"

"நல்லா கேட்டீங்க. அதுல அடியில அத்தனை பெரிய பேட்டரி இருந்தாலும், வண்டிய எழுப்பறதுக்குன்னு தனியா 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு உண்டு. அது செத்தா வண்டி அசையாது. யானையை எழுப்ப எறும்புதான் போகணும்."

அவருக்குப் பெரிய ஆறுதல், இந்த வியாதி உலகத்தில் பெரிய இடங்களிலும் உண்டு என்பது. "அமெரிக்காவுல டெஸ்லா. 2021 பிப்ரவரில சுமார் 1,35,000 வண்டி. மாடல் எஸ், மாடல் எக்ஸ். எதுக்கு ரீகால்? ஸ்கிரீன் இருண்டு போச்சு!" சொல்லும்போது சொந்தக்காரப் பையன் கலெக்டரானது மாதிரி முகம் மலரும். "உள்ள 8 ஜி.பி. மெமரி. வண்டி ஓட ஓட அதுல எழுதிக்கிட்டே இருக்கு, அழிச்சுக்கிட்டே இருக்கு. நோட்டுல ஒரே இடத்துல ரப்பர் போட்டுத் தேய்ச்சா என்ன ஆகும்? பேப்பர் கிழியும். அதுதான். அஞ்சாறு வருஷத்துல கிழிஞ்சுபோச்சு. ரிவர்ஸ் கேமராவும் கூடவே போச்சு."

"அது பாதுகாப்பு விஷயமாச்சே?"

"அங்க 2018 மே மாசத்துலேர்ந்து புது வண்டிக்கெல்லாம் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். கியர் போட்ட ரெண்டு விநாடிக்குள்ள படம் வந்தாகணும்." அவருடைய வண்டியில் என்றைக்காவது படம் வந்தால், அதற்குள் அவர் வண்டியை நிறுத்திப் பூட்டி லிஃப்ட்டில் ஏறியிருப்பார்.

நானும் பழிவாங்கக் காத்திருந்தேன். ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை 2022-ல் நடத்திய சோதனையைச் சொன்னேன். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏ.சி., ரேடியோ என்று நாலு சில்லறை வேலை. பொத்தான்கள் வைத்த 2005-ம் வருஷத்து வோல்வோவில் பத்தே விநாடி. டச் ஸ்கிரீன் வண்டிகளில் கடைசியாக வந்ததற்கு 44.6 விநாடி, அதற்குள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. "மாவாட்டறவன்தான் சார் முதல்ல முடிச்சான்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தை பிறந்தது, வழியும் பிறந்தது. அவர் கம்பெனி ரீகால் அறிவித்தது. 'கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்று பேப்பரில் படித்த வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வண்டிய எடுத்துக்கிட்டுப் பணத்தக் கொடுத்துடுவாங்களா? அப்ப டைல்ஸ் போட்டுடலாம்." சார் சட்டத்தை விளக்கினார். இங்கே 2012 முதல் கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்துவந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலுக்கு வந்தன. அரசாங்கம் கட்டாயப்படுத்தி ரீகால் செய்யவைத்தால் 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது வேறு வண்டி தரலாம், அல்லது பழுது பார்த்துத் தரலாம்.

"இதுல எது நமக்கு?" என்றார் வீட்டம்மா.

"கடைசி அல்லது" என்றார் சார்.

வங்கிக்காரர். படிவங்களில் 'அல்லது' என்ற சொல் எப்போதும் யார் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியாதா?

அடுத்தது சேசிஸ் நம்பர். பதினேழு எழுத்தும் எண்ணுமாக நீளும் அதை நட்சத்திரம், ராசி, லக்னம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தார். போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த மாலைப் பேப்பரில் நம்பர் தேடிய முகம். "லிஸ்ட்ல இருக்கு சார்!" என்றது போன். எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். தன் வண்டி பழுது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதற்கு இனிப்பு கொடுத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது: "பார்ட் வரணும் சார்."

மாசியில் வரணும், பங்குனியில் வரணும், சித்திரையில் வந்துகொண்டிருக்கிறது. வைகாசியில் வந்தேவிட்டது, ஆனால் வேறு மாடலுக்கு. டாலஸில் இருக்கும் மச்சினனிடம் புலம்பினார். அவன் சிரித்தான். அங்கேயும் மாற்றுப் பாகம் தயாராகவில்லை என்றால் முதலில் ஒரு கடிதம் வருமாம்: உங்கள் வண்டியில் குறை இருக்கிறது, சரிசெய்யும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. அப்புறம் இன்னொரு கடிதம்: இப்போது வாருங்கள். "அதாவது மாப்ள, முதல் லெட்டர் நிச்சயதார்த்தம், ரெண்டாவதுதான் முகூர்த்தம். நடுவுல எத்தனை மாசம்னு ஜோசியர்கூட சொல்ல மாட்டார்" என்றார் சார்.

ஒரு நாள் சர்வீஸ் சென்டரில் அவரோடு நானும் இருந்தேன். அட்வைசர் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சிஸ்டம் டவுன் சார். நாளைக்கு ஒரு போன் பண்ணிட்டு வாங்களேன்" என்றான். நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது முகத்தில் கோபம் இல்லை, ஏதோ பழைய ஞாபகம்.

"முப்பத்திரண்டு வருஷம் நான் சொன்னது" என்றார் படியிறங்கும்போது. "ஒரு வார்த்தை மாத்தல. அந்தத் தலையத் திருப்பாம சொல்றதுகூட நான் சொன்ன மாதிரியே இருக்கு."

ஆனால் வெளியாள் யாராவது அந்த வண்டியைக் குறை சொல்லட்டும், பார்க்கலாம். "எஞ்சின் எப்படி இருக்கு தெரியுமா? பட்டு!" என்று பாய்ந்து வருவார். கண் தெரியாத பிள்ளையைப் பெற்ற தகப்பன் தான் ஆயிரம் திட்டுவான், அடுத்த வீட்டுக்காரன் ஒரு சொல் சொல்ல விடமாட்டான். அதுவும் கிராஜுவிட்டி போட்டு வளர்த்த பிள்ளை.

புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் பார்ட் வந்துவிட்டது. வண்டி திரும்பி வந்தபோது ஸ்கிரீன் முன்னைவிடப் பிரகாசம். ஏ.சி. 26-க்கு ஏறியது, மாமியார் குல்லாவைக் கழற்றினார். பூஜையன்று அவரே சந்தனக் கிண்ணத்தோடு முன்சீட்டில் ஏறி, ஸ்கிரீனின் நடுவில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்து, குங்குமமும் இட்டார். சார் வாய் திறக்கவில்லை. சந்தனம் பட்டு எங்கோ ரேடியோ பாட ஆரம்பித்தது.

மறுநாள் காலை கீழே வந்தேன். சார் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் பின்பக்கம் முழுசாகத் தெரிகிறது. தூண், பைக்குகள், பச்சைக்கோடு, மஞ்சள்கோடு, சிவப்புக்கோடு. அவரோ கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தாத்தா கையை ஆட்டினார். "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடிங்க... வரலாம்..."

"என்ன சார், அதான் ஸ்கிரீன்ல காட்டுதே?" என்றேன்.

பட் பட்டென்று டிக்கியில் இரண்டு தட்டு விழுந்தது. சார் பிரேக்கை அழுத்தி, நிம்மதியாக மூச்சு விட்டார்.

"காட்டுது சார்" என்றார். "ஆனா தட்டாதே."