பதினோராவது வளைகோட்டின் மனு

அனுப்புநர்: பத்தாம் வரிசைப் பெஸ்ஸல் சார்பு.
பெறுநர்: நிற ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள், மேட்ப்ளாட்லிப் மென்பொருள்.
பொருள்: தனி நிறம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பூச்சியம் முதல் பத்து வரையுள்ள பெஸ்ஸல் சார்புகள் பதினொரு பேரையும் ஒரே படத்தில் வரையச் சொன்னார் ஓர் ஆராய்ச்சி மாணவர். தாங்களும் வரிசைப்படி கொடுத்தீர்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு, ஊதா, பழுப்பு, இளஞ்சிவப்பு, சாம்பல், ஆலிவ், சயான். பத்தோடு கையிருப்பு தீர்ந்தது. என் முறை வந்ததும், சத்தமே இல்லாமல் மறுபடி நீலத்தையே நீட்டிவிட்டீர்கள்.

அந்த நீலம் பூச்சிய வரிசைப் பெரியவருடையது. அவர் பிறக்கும்போதே உயரம் 1. நானோ x 5-ஐத் தொடும்போதும் 0.0015 உயரத்தில் தரையோடு தரையாகக் கிடப்பவன். தவழ்ந்து தவழ்ந்து 11.8-க்குப் பக்கத்தில்தான் என் ஆயுள் உச்சமான 0.3-ஐத் தொடுகிறேன். அதே இடத்தில் பெரியவர் பூச்சியத்தைக் கடந்து மேலே வருகிறார். 13-ஐத் தாண்டியதும் இருவரும் வெட்டிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு எந்த நீலம் எந்தப் பக்கம் போனது? லெஜண்ட் பெட்டியைப் பார்த்தால் மேலே ஒரு நீலக் கோடு, கீழே ஒரு நீலக் கோடு.

தங்கள் அலுவலக வரலாறு நானும் அறிவேன். 2017-இல் 2.0 பதிப்பு வரும்வரை மொத்தமே ஏழு நிறம். அதில் மஞ்சள் வாங்கியவர் வெள்ளைத் தாளில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பத்தாக உயர்த்தினீர்கள், நன்றி. பச்சையையும் சிவப்பையும் மட்டும் அடுத்தடுத்தே உட்கார வைத்தீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவர் அந்த இரண்டைப் பிரித்தறியச் சிரமப்படுபவர். 3.10 பதிப்பில் அவர்களையும் மனத்தில் வைத்து 'பெட்ராஃப்10' என்றொரு தொகுப்பு வந்ததாம். ஆவலோடு எண்ணிப் பார்த்தேன். அதிலும் பத்துதான். அதுவும் கேட்டால்தான் கிடைக்கும்.

'டேப்20' என்ற நிறத் தொகுப்புக்கு மாற்றல் வாங்கிக்கொள் என்பீர்கள். அங்கே எனக்குப் பழுப்பு கிடைக்கும், சரி. ஆனால் பூச்சியத்தாருக்கு நீலம், அடுத்தவருக்கு வெளிர்நீலம். என் வழக்கு அவர்கள் தலையில் விடியும்.

பத்துக்கு மேல் மனிதக் கண்ணுக்குத் தாங்காது, படத்தை இரண்டாகப் பிரி என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் நாங்கள் முன்பின் தெரியாதவர்கள் அல்லவே, வரிசை எண் உள்ள ஒரே குடும்பம். எண் ஏற ஏற நிறமும் படிப்படியாக மாறினால் யார் யாருக்குப் பின் என்று பார்த்தவுடன் தெரியும். அதற்கென்றே 'விரிடிஸ்' இருக்கிறது. ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும். கடைசி ஆள் நான் என்பதால் அந்த மஞ்சள் யாருக்கு என்று தாங்களே அறிவீர்கள்.

எனவே, நிறம் தர வழியில்லையென்றால், என் கோட்டையாவது விட்டுவிட்டுப் போட ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீலம் (இரண்டாமவர்)

இணைப்பு: மேற்படி படத்தின் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஒன்று. இதில் பதினொரு பேருக்கும் பாரபட்சமில்லாமல் ஒதுக்கீடு நடந்திருக்கிறது.