முதல் ஆட்டத்தில் 13 தவறு!

கேள்வி: கல்லூரி கூடைப்பந்தில் முதலாண்டு 'கார்டு' (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) தேறுவானா என்று ஒரே மேட்ச்சில் சொல்ல முடியுமா?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: முடியாது! 2006-ல் டேவிட்சன் கல்லூரிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில், பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்டீபன் கரி 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். அடுத்த ஆட்டத்திலேயே மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள். முதல் நாளே உதட்டைப் பிதுக்கிய ரசிகர்தான் பாவம்.

முந்தானை ஜரிகையில் மயங்கியா காஞ்சிபுரத்துக்காரர் புடவை எடுப்பார்? திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பார். கார்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இரண்டு பேர் மறிக்கும்போது தலை நிமிர்ந்திருக்கிறதா? இடது கையிலும் பந்து தட்டுகிறானா? பறிகொடுத்த பந்துக்காகத் திரும்பி ஓடுகிறானா?

அங்கீகாரமும் ஒரே நாளில் வராது. நம்ம சென்னை அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். பத்மஸ்ரீ வந்தது 2021-ல்தான்.